முதுகு போதும்

போன மார்கழியில், கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில், மலைச்சரிவைப் பார்த்த ஒரு வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு மணி நேரம் படித்தேன். படித்தேன் என்பதற்குப் புகைப்படம் சாட்சி. அந்த வீட்டை நாள் வாடகைக்கு விடும் இணையத் தளத்தில் அது மூன்றாவது படமாக இருக்கிறது. பிரம்பு நாற்காலி, அதன் கையில் சரிந்து கிடக்கும் பழுப்புக் கம்பளி, ஆவி பறக்கும் பித்தளை டம்ளர், ஜன்னலுக்கு வெளியே பனி, நாற்காலியில் முதுகைக் காட்டியபடி ஒருவன். அவனுக்குப் போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

பங்குனியில் நண்பர் ஒருவர், இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் அறிந்த கவிஞர்தான், குடும்பத்தோடு மலைக்குப் போக இடம் தேடிக்கொண்டிருந்தவர், தம் கைபேசியில் இந்தப் படத்தை எனக்கே காட்டி, 'கொடுத்து வச்சவன்' என்றார். அது நான்தான் என்று அப்போது அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கிளறிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். கூச்சம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் எதற்குக் கூச்சம்? நான் திருடவில்லை. படத்தில் இருக்கிற எந்தப் பொருளும் பொய்யில்லை. நாற்காலி நாற்காலிதான், பனி பனிதான்.

வீடு என்னோடு வங்கியில் வேலை பார்ப்பவருடையது. அப்பா காலத்து ஓட்டு வீட்டுக்கு முன்னால் கடன் வாங்கி இரண்டு அறைகள் கட்டினார். பின்கட்டில் அவருடைய அம்மா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். மகன் வத்தலக்குண்டிலிருந்து சனிக்கிழமை இரவு ஏறி ஞாயிறு சாயங்காலம் இறங்கிவிடுவார். அறைகள் கட்டி ஐந்து மாதமாகியும் ஆள் வரவில்லை. அவரே கைபேசியில் எடுத்துத் தளத்தில் போட்டிருந்த படங்களைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். கட்டில், கழிப்பறை, வெந்நீர்க் குழாய் எல்லாம் போலீஸ் அணிவகுப்பில் அடையாளம் காட்ட நிறுத்தி வைத்தவைபோல் இருந்தன. இப்படிப் போட்டால் ஜன்மத்துக்கும் யாரும் வரமாட்டார்கள், லைஃப்ஸ்டைல் போட்டோ எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மதுரையில் கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் ஒரு இளைஞரை ஏற்பாடு செய்தார். படத்துக்கு ஆள் வேண்டும். மாடலை அமர்த்தக் காசில்லை. 'நீங்கதான் எப்பப் பார்த்தாலும் புஸ்தகமும் கையுமா இருக்கீங்களே சார்' என்று என்னைக் கேட்டார். கூலி, எப்போது வேண்டுமானாலும் இரண்டு நாள் இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டேன். அவருடைய கடன் கோப்பு என் மேஜை வழியாகப் போனது. தவணை தவறக் கூடாதே என்ற கவலையில் எனக்கும் பங்கு இருந்தது.

லைஃப்ஸ்டைல் போட்டோ என்பதை வாழ்க்கைமுறைப் புகைப்படம் என்று தமிழ்ப்படுத்தினால் ஏதோ சமூகவியல் மாதிரி ஒலிக்கிறது. விஷயம் எளிது. அறையை எடுக்காதே, அந்த அறையில் ஒரு காலைப்பொழுதை எடு. கட்டிலை எடுக்காதே, இப்போதுதான் யாரோ எழுந்துபோன கட்டிலை எடு. இதற்கென்று ஒரு சம்பிரதாயமே ஏற்பட்டிருக்கிறது. பாதி கடித்த ரொட்டி, கம்பளிக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள், கவிழ்த்து வைத்த புத்தகம், பால்கனியில் தோளோடு தோள் சாய்ந்து எங்கோ பார்க்கும் தம்பதி. உலகத்தின் எந்த மலைக்குப் போனாலும், எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அதே ரொட்டிதான், அதே பாதங்கள்தான்.

படமெடுக்கும் இளைஞர் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். தம் வேலையில் கெட்டிக்காரர். முதல் காரியமாக அறையிலிருந்து பொருள்களை வெளியேற்றினார். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, தினசரிக் காலண்டர், மாத்திரை அட்டைகள், வாளி, சுவரில் மாட்டியிருந்த நண்பருடைய அப்பாவின் படம். பக்கத்து வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலி இரவல் வந்தது. அகலக் கோண லென்ஸை மாட்டிப் பத்துக்குப் பன்னிரண்டு அறையைக் கல்யாண மண்டபமாக்கினார். வெளியே இருக்கும் வெளிச்சத்துக்கு ஒரு படம், உள்ளே இருக்கும் இருட்டுக்கு ஒரு படம், நடுவில் ஒன்று என்று எடுத்து மூன்றையும் கணினியில் ஒன்றாக்கிவிடுவாராம். நம் கண் மாறி மாறிப் பார்ப்பதை அது ஒருசேரப் பார்த்துவிடும். நான் கொண்டுபோயிருந்த புத்தகம் அட்டை கிழிந்த தமிழ்ப் புத்தகம். 'கலர் ஒத்து வரல சார்' என்று வாங்கி வைத்துவிட்டு, தம் பையிலிருந்து பச்சை நிற காலிகோ அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். தோட்டக்கலை பற்றியது. இதற்காகவே வைத்திருக்கிறார்.

அப்புறமும் ஏதோ குறைகிறது என்றார். 'வார்ம்த் இல்ல.' பின்கட்டுப் பக்கம் போனவர் திரும்பி வந்தபோது கையில் பழுப்புக் கம்பளி. அம்மா போர்த்தியிருந்தது. பித்தளை டம்ளரும் அவருடையதுதான். கேட்டுத்தான் வாங்கினார், பிடுங்கவில்லை. வீட்டுக்கு ஆள் வர வேண்டுமே என்ற கவலை அந்த அம்மாளுக்கும் இருந்தது. சேலைத் தலைப்பை இரண்டு சுற்றாகத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, காமிராவின் பார்வைக்கு அந்தப்புறம், கதவோரமாக நின்றார். டம்ளரில் ஆவி சீக்கிரம் அடங்கிவிடுகிறது. அடுப்படிக்கும் அறைக்குமாக ஐந்து தடவை நடந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். காப்பி அல்ல, வெறும் வெந்நீர், படத்தில் தெரியாது. நடுவில் ஒரு தடவை, 'தம்பி, முடிஞ்சதும் அந்தக் கம்பளியக் குடுத்துருங்க, குளுருது' என்றார். 'ஒரே ஒரு ஷாட் பாட்டி.' அந்த ஒரே ஒரு ஷாட் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இடையில் நான் எதேச்சையாகக் காமிராப் பக்கம் திரும்பிவிட்டேன். 'முகம் வேணாம் சார். முகம் வந்தா யாரு என்னன்னு பார்ப்பாங்க. முதுகு போதும்.'

ஒரு அழகியல் கோட்பாடு முழுசாக இந்த நாலு வார்த்தைகளில் இருக்கிறது. பி.ஏ.யில் நான் படித்த விமர்சன நூல்கள் பலவற்றில் இவ்வளவு தெளிவு கிடையாது.

தொழிலின் ஆதிகதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 2008-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி மறுவருஷம் வாரத்துக்கு 200 டாலர் வரும்படியில் முனகிக்கொண்டிருந்தது. நியூயார்க் வீடுகளுக்கு ஏன் ஆள் போவதில்லை என்று ஸ்தாபகர்கள் உட்கார்ந்து பார்த்தபோது, வீடுகளில் குற்றமில்லை, படங்களில்தான் குற்றம் என்று தெரிந்தது. முதலீட்டாளர் பால் கிரஹாமின் தூண்டுதலில் நியூயார்க்குக்கே போய், காமிராவை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாகப் படியேறித் தாங்களே எடுத்தார்கள். ஒரு வாரத்தில் வரும்படி இரட்டித்தது என்று ஜோ கெபியா சொல்லியிருக்கிறார். அவரும் பிரையன் செஸ்கியும் ரோட் ஐலண்டின் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர்கள். கண்ணுக்குப் பழக்கம் உண்டு. 2010-லிருந்து நிறுவனமே படமெடுப்பவர்களை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அந்த முதல் படங்களில் ஒரு நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. முன்பின் தெரியாதவன் வீட்டில் ராத்திரி தங்கப் போகிறவனுக்குப் பயம் இருக்கும். தெளிவான படம் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்கிறது: கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. இருப்பதை இருக்கிறது என்று சொல்வதில் ஒரு கண்ணியம் உண்டு. அடுத்த படியில் படம் வேறு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தது. நீ இங்கே இருக்கிறாய் என்று.

இந்த இரண்டாவது பேச்சைக் கண்டுபிடித்தவர்கள் இன்றைய இணையக்காரர்கள் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மலை விளிம்பில் பியர் கோனிக் கட்டிய கண்ணாடி வீட்டை 1960-ல் ஜூலியஸ் ஷூல்மன் எடுத்த படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். 'ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்' என்ற பத்திரிகை 1945-ல் தொடங்கிய மாதிரி வீட்டுத் திட்டத்தில் அது 22-ஆம் வீடு. அந்தரத்தில் நிற்கும் கண்ணாடிக் கூடம். கீழே பாதாளத்தில் நகரத்தின் விளக்குகள். கூடத்தில் வெள்ளை உடையில் இரண்டு பெண்கள் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். வீடு அப்போது முழுக்க முடிந்திருக்கவில்லை. மேஜை நாற்காலிகள் படத்துக்காகக் கொண்டுவந்து போட்டவை. பெண்கள் அந்த வீட்டுக்காரர்கள் இல்லை, படமெடுக்க வந்தவர்களோடு வந்தவர்கள். நகர விளக்குகளுக்காகப் பல நிமிஷம் திறந்து வைத்த அதே நெகடிவில், கடைசியில் ஒரு மின்வெட்டில் பெண்களைப் பதித்தார். இரண்டு வேறு நேரங்கள் ஒரு கணமாக ஒட்டிக்கொண்டன. மகத்தான படம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டைக் கட்டிய குடும்பம் அந்தப் படத்தில் இல்லை. பிற்பாடு சினிமாக்களும் விளம்பரங்களும் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டே இருந்தன. ஷூல்மன் 2009-ல், 98 வயதில் இறந்தார். நியூயார்க்கில் இரண்டு பேர் வாடகைக் காமிராவோடு படியேறிக்கொண்டிருந்த அதே வருஷம்.

எங்கள் வங்கியிலும் வீடுகளுக்குப் புகைப்படம் உண்டு. வீட்டுக் கடன் கோப்பில் மதிப்பீட்டாளர் வைக்கும் படங்கள். வில்பட்டி வீட்டுக்கும் அப்படி நாலு படங்கள் எங்கள் கோப்பில் இருக்கின்றன. உச்சி வெயிலில் எடுத்தது. நண்பர் கைகளைத் தொடையோடு ஒட்டி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாசலில் நிற்கிறார். கொடியில் துணி காய்கிறது. மூலையில், எடுத்தவருக்கே தெரியாமல், அம்மாவின் பாதி உருவம், கையில் முறம். இது உண்மையான படம், மற்றது பொய்ப் படம் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மதிப்பீட்டாளருக்கு அந்த அம்மாள் மேல் அக்கறை இருந்ததா என்ன? அவருக்கு வேண்டியிருந்தது சதுர அடி. அம்மா தப்பித்தவறி விழுந்துவிட்டார், அவ்வளவுதான். கவனக்குறைவைச் சத்தியம் என்று கொண்டாடுவது நம் யதார்த்தவாதிகள் பலர் செய்கிற காரியம். அதில் நான் சேர விரும்பவில்லை.

அப்படியானால் என் படத்தில் என்ன குற்றம்? அகலக் கோண லென்ஸின் பொய்யை டேப் வைத்து அளந்துவிடலாம். பத்தடியைப் பதினாறடியாகக் காட்டினால் வந்தவன் சண்டை போடுவான், நியாயம் கிடைக்கும். கம்பளியின் விஷயம் டேப்புக்கு அகப்படாது. ஜான் பெர்ஜர் 1972-ல் 'வேஸ் ஆஃப் சீயிங்' நூலில் இதற்குப் பக்கத்தில் வந்தார். பழைய தைல ஓவியம் அதன் சொந்தக்காரனிடம் ஏற்கெனவே இருந்ததை அவனுக்குக் காட்டிற்று. விளம்பரம், இதை வாங்கினால் நீ ஆகப்போகிற ஒருவனைக் காட்டி, அவன்மேல் உன்னையே பொறாமைப்பட வைக்கிறது என்பது அவர் வாதம். கவிஞர் சொன்ன 'கொடுத்து வச்சவன்' இந்தப் பொறாமையின் சுத்தமான தமிழ். ஆனால் பெர்ஜர் சொன்னது சோப்புக்கும் காருக்கும் போதும். வீட்டுக்குப் போதாது. சோப்புப் பெட்டிக்குள் யாரும் குடியிருக்கவில்லை.

என் அம்மாவின் பெண்பார்க்கும் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் ஏரி, படகு, மலை, கொஞ்சம் மேகம். கொடைக்கானல் மாதிரி ஏதோ ஒன்று. அம்மா கல்யாணத்துக்கு முன் மலை ஏறியதே கிடையாது. பக்கத்தில் பிளாஸ்டிக் பூ ஜாடி. கையில் கைக்கடிகாரம், அது ஸ்டுடியோக்காரருடையது. அம்மா நேராகக் காமிராவைப் பார்க்கிறாள், பயந்துபோய். அப்பா வீட்டார் யாரும் ஏரியைக் கேட்கவில்லை. திரை பொய் என்பது எல்லோருக்கும் தெரிந்த பொய். முகம் மட்டும்தான் பேரத்தில் இருந்தது, அது அசலாக இருந்தது. என் படத்தில் எல்லாம் தலைகீழ். மலை அசல், பனி அசல். ஆள் திரை.

முகமில்லாத மனிதன் நமக்குப் புதிதில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்த விஷயம். அகப்பாட்டில் தலைவன், தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, உணவு, தெய்வம், பறை எல்லாம் கருப்பொருள். அவற்றினூடே வெளிப்படும் உணர்ச்சி நிலை உரிப்பொருள். குறிஞ்சிக்கு மலை, பெரும்பொழுதுகளில் கூதிரும் முன்பனியும். மார்கழி முன்பனிதான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இலக்கணப்படியே எல்லாம் அமைந்திருந்தது. மதுரை இளைஞர் தொல்காப்பியம் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மலை, பனி, கம்பளி, டம்ளர், பெயரில்லாத ஆள் என்று முதலும் கருவும் அடுக்கி ஓர் உரிப்பொருளை எழுப்பத்தான் அவர் இரண்டு மணி நேரம் பாடுபட்டார். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இடத்தைக் கொண்டு மனநிலையைச் சொல்வது நம்முடைய மிகப் பழைய தொழில்நுட்பம். அதுதான் இப்போது ஒரு இரவுக்கு இத்தனை ரூபாய் என்று விற்கப்படுகிறது.

எங்கே பிரிகிறது என்று யோசித்தேன். உரிப்பொருள் ஐந்து. புணர்தலோடு பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் உண்டு. மலைக்குக் கூடல் உண்டென்றால் பாலைக்குப் பிரிவு உண்டு, ஒன்று மற்றொன்றுக்கு அச்சுறுத்தலாகவே நிற்கிறது. வாடகை வீட்டுப் படங்களில் ஒரே ஒரு உரிப்பொருள்தான். அதற்கு நம் இலக்கணத்தில் பெயர் இல்லை. சும்மா சௌகரியமாக இருப்பது. யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, யாரும் கோபித்துக்கொண்டு கதவை அடைப்பதில்லை. ஆனால் அந்த வீட்டுக்கென்று ஒரு உரிப்பொருள் ஏற்கெனவே இருந்தது. சனிக்கிழமை ராத்திரி வத்தலக்குண்டு பஸ்ஸை எதிர்பார்த்துப் பின்கட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அது முல்லையின் இருத்தல். அந்த இருத்தலைத்தான் கதவோரமாக நிற்க வைத்துவிட்டு, அதன் கம்பளியை வாங்கி நாற்காலியில் போட்டோம்.

இதையெல்லாம் ஒருநாள் டீக்கடையில் வைத்துக் கவிஞரிடம் சொன்னேன், படத்தில் இருப்பது நான்தான் என்பதையும் சேர்த்து. அவர் சிரித்தார். 'இதுக்கா இவ்வளவு? கொலுவிலே பார்க் வைக்கிறோம், பெஞ்சிலே ஒரு பொம்மை உக்காந்திருக்கு. யாருன்னு எவனாவது கேக்கிறானா?' பிறகு குரலை மாற்றிக்கொண்டு, 'கவிதையிலே நான் எழுதற நான் மட்டும் முகத்தைக் காட்டறானா? பாதி நாள் அவனும் முதுகுதான். அவனுக்கும் எவன் கம்பளியையோ உருவித்தான் போர்த்தறேன். என் தங்கச்சி புருஷன் செத்தப்போ எழுதினதை நீதான் நல்லாருக்குன்னே' என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வணிகப் பத்திரிகைகளின் போலி உணர்ச்சியைப் பற்றி இதே பக்கங்களில் கை வலிக்க எழுதியிருக்கிறேன். அந்தப் பழைய ஆயுதம் எதுவும் இங்கே உதவவில்லை. ஜோடனை என்பதே குற்றமென்றால் நாடகம் போய்விடும், சினிமா போய்விடும், கோயில் உற்சவம் போய்விடும்.

சித்திரையில் கூலியை வாங்கிக்கொள்ள வில்பட்டி போனேன். படம் ஏறிய மூன்றாவது வாரத்திலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டதாக நண்பர் சொல்லியிருந்தார். தவணை ஒழுங்காகக் கட்டுப்படுகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் அந்தப் பணத்தில்தான் நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு வாளியைப் படத்துக்கு வெளியே தள்ளியவனாகிவிடுவேன்.

அறைக்குள் போனதும் திகைப்பாக இருந்தது. படத்துக்குள் வந்துவிட்ட மாதிரி. இரவல் பிரம்பு நாற்காலியை இப்போது விலைக்கே வாங்கிவிட்டார். அதே ஜன்னலோரம், அதே கோணம். சிவப்பு நாற்காலி திரும்பி வரவில்லை. காலண்டரும் வரவில்லை. அப்பாவின் படம் பின்கட்டில் அரிசி டிரம்முக்கு மேல் இருக்கிறது. நாற்காலிக் கையில், அதே சரிவில், பழுப்புக் கம்பளி. முதலில் வந்த தம்பதி, படத்தில் இருந்த கம்பளியைக் காணோமே என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நிற்காமல், தளத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன்பின் கம்பளி துவைத்து, வாசனை தெளித்து, முன்னறைக்கு வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் போர்த்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் முதுகுப் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தளத்தில் அவை வரிசையாக இருக்கின்றன. எல்லாமே முதுகுகள். அண்மையில் வந்த ஒருவர், எல்லாம் படத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார். உண்மைதான். இருக்கிறது.

பொய் என்பது உலகத்தோடு ஒட்டாத பேச்சு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்த அன்றைக்கு அந்தப் படம் அந்த வீட்டோடு ஒட்டவில்லை. இன்று ஒரு இழை பிசகாமல் ஒட்டுகிறது. படம் மாறவில்லை, வீடு படத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. சொன்னபின் மெய்யாகிற பேச்சு நமக்குத் தெரிந்தது ஒன்று உண்டு, வாக்கு. நாளைக்குத் தருகிறேன் என்பவன் சொல்லும்போது அது மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. தந்தால் மெய். அந்த வகையில் என் முதுகு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது: இங்கே வந்தால் உனக்கு இந்தக் கம்பளி உண்டு, இந்தக் காலை உண்டு. வாக்கு காப்பாற்றப்படுகிறது, வாரம் தவறாமல். காப்பாற்றுவது நான் இல்லை.

கவிஞருக்கு நான் சொல்லத் தவறிய பதில் அங்கேதான் எனக்குக் கிடைத்தது. தங்கையின் புருஷன் இறந்ததை எழுதியபோது அவருக்கும் சில ராத்திரிகள் போயின. தங்கை படித்துவிட்டு ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை, அதையும் அவர்தான் தாங்கினார். கவிதையில் கொடுத்த வாக்குக்குக் கடன்பட்டவன் எழுதியவன். ஷூல்மனின் வெள்ளை உடைப் பெண்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். மதுரை இளைஞரும், நானும், நண்பரும் சேர்ந்து ஒரு காலைப்பொழுதைச் செய்தோம்; அதை நாள்தோறும் செய்துகாட்டும் பொறுப்பு, படத்துக்கு வெளியே நின்றவர் தலையில் விழுந்தது. யாரும் சதி செய்யவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதுகூட இல்லை. குற்றவாளியைத் தேடிப் போனால் எல்லோருமே நல்லவர்களாகக் கிடைக்கிறார்கள், நான் உள்பட.

மகன் அவருக்கு ஏரிக்கரையில் புதுப் போர்வை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பளபளவென்று, புலிப்படம் போட்டது. விலை அதிகம்தான். 'எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டேன். 'நல்லாத்தான் இருக்கு. வழுக்குது. ராத்திரி எந்திரிச்சுப் பார்த்தா கீழ கிடக்கும். அது கனமா இருக்கும் தம்பி, போட்ட எடத்துல கிடக்கும்' என்றார். முன்னறையிலிருந்து பழையதை எடுத்து வந்து கொடுத்தேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசினார். எழுந்திருக்கும்போது, 'நாளைக்கு ஆளு வருதாம், மறக்காமக் கொண்டுபோயிப் போட்டுருங்க, அந்தச் சரிவா' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ராத்திரி மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாசனை போயிடும் என்றார்.

அன்று ராத்திரி நான் அந்த அறையில்தான் படுத்தேன். இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது, அதற்குப் போவேனா என்று சொல்லத் தெரியவில்லை. விடிகாலையில் தூக்கம் கலைந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னல் திண்டில் பச்சை அட்டைப் புத்தகம் இருந்தது; மதுரை இளைஞர் அதை விட்டுவிட்டே போய்விட்டார் போலிருக்கிறது. எடுத்துக் கையில் வைத்ததும் தானாகத் திறந்துகொண்டது. 112-ஆம் பக்கம். மார்கழியில் நான் விரித்துப் பிடித்திருந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது. வருகிறவர்களும் அங்கேயே பிரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பக்க ஓரம் விரல் பட்டு அழுக்கேறியிருந்தது. மற்ற பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. ரோஜாச் செடியை எந்த மாதத்தில் கவாத்து செய்வது என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. முதல் தடவையாகப் படித்தேன்.